ஆறங்குலச் சுவர்

என்னைச் சந்தேகக்காரி என்று இவர் சொல்வார். சொல்லட்டும். தொண்ணூற்றாறாம் ஆண்டு வெள்ளவத்தையில் சந்தேகப்படாமல் வாழ்ந்த தமிழர் ஒருவரையாவது இவர் எனக்குக் காட்டட்டும், பிறகு கதைக்கலாம். பஸ்ஸில் யாராவது பையை வைத்துவிட்டு எழும்பினால் நானும் இறங்கிவிடுவேன். கதவு தட்டினால் அடையாள அட்டையைத் தேடுவேன். தட்டாமல் ஒருவர் வாசலில் நின்றால் விளக்கை அணைத்துவிடுவேன். இந்த லட்சணத்தில், சொந்த வீட்டுக்குள்ளேயே ஆறு அங்குலத் தடிப்பில், உள்ளே வெற்றிடம் விட்டு ஒரு சுவர் எழும்பினால் நான் எப்படிக் கண்ணை மூடுவது?

எங்கள் வீடு ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தின் அடித்தளம். காலி வீதிப் பக்கமிருந்து பார்த்தால் நிலத்துக்குக் கீழே கிடக்கும். கடல் பக்கம் நிலம் சரிந்து போவதால் பின்கதவைத் திறந்தால் பின்னால் போகும் சிறு ஒழுங்கையோடு சமமாக இருக்கும். கார் விடுவதற்கென்று கட்டி, பிறகு வீடாக்கி விற்ற இடம் அது. சுற்றிவரத்தான் கல்சுவர். உள்ளே அறை பிரித்ததெல்லாம் மரச்சட்டம் நிறுத்தி இரு பக்கமும் பலகை அடித்த தடுப்புகள். தட்டினால் வெறும் தகரப்பெட்டி மாதிரிச் சத்தம் வரும். வசதிக்கேற்ற வீடு என்று நானும் பேசாமல் இருந்தேன்.

இவரின் பெயர் நமசிவாயம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்கர். இவருடைய தங்கை அருந்ததி யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியா முகாமில் கொழும்புக்கு வர ஆமி தரும் பாஸுக்குக் காத்துக் கிடந்தாள். கிடைத்ததும் எங்களிடம் வருவாள். கனடாவிலிருக்கும் புருசன் கூப்பிடும்வரை இங்கேதான். அவளுக்கு ஒரு அறை அடைத்து, அதோடு ஒரு டொய்லட்டும் போட வேண்டும் என்று சொன்னது நான்தான். ஒரு டொய்லட்டை வைத்துக்கொண்டு காலையில் மூன்று பேர் வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

இவர் பழனிமுத்து என்ற பைப் வேலைக்காரனைக் கூட்டி வந்தார். மஸ்கெலியாத் தோட்டத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தவன். வாய் சும்மா இராது. கொழும்பிலுள்ள பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் தான்தான் பைப் ஓட்டினதாகச் சொல்வான். அரைவாசியைத் தள்ளிவிட வேண்டும். தேத்தண்ணியில் சீனி குறைந்தால் முகத்துக்கு நேரே கேட்பான். மற்றபடி வேலைக்காரன்தான்.

கான்கிரீட் நிலத்தை உடைக்கக் கூடாது என்பது கட்டடத்தின் சட்டம். ஆகவே வீதிப் பக்க மூலையில் இரண்டு படி உயர்த்தி டொய்லட்டைக் கட்டி, கழிவு பைப்பைச் சுவருக்குள்ளாகவே பின்னொழுங்கை மேன்ஹோல்வரை கொண்டுபோக வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, முன்னறை ஹோல் சுவருக்குள்ளால் நேராக. மற்றது, சமைக்கிற குசினிப் பக்கத்தால் சுற்றி.

ஹோல் சுவரில்தான் என் சாமித்தட்டு. அந்த வீட்டில் முருகனை வைக்க அதைவிட்டால் வேறு தோதான சுவர் கிடையாது. நிலத்தில் பலகை போட்டு உட்கார்ந்து கும்பிடுவது என் வழக்கம் என்பதால் தட்டும் தாழ்வாகத்தான் இருந்தது. பைப் அந்த வழியாகப் போனால் சரியாக முருகனின் முதுகுக்குப் பின்னால் போகும்.

"சாமித்தட்டுக்குப் பின்னாலை கழிவு பைப் போகக் கூடாது. குசினிப் பக்கத்தாலை கொண்டு போம்," என்றேன்.

பழனிமுத்து தலையைச் சொறிந்தான். "அந்தப் பக்கம் போனா ரெண்டு வளைவு விழுதுங்கம்மா. தண்ணி எறங்குற சரிவு, வாட்டம் பத்தாது. கழிவு நின்னு போயிரும்."

"வாட்டம் உம்மடை வேலை. சாமி என்ரை வேலை."

"அதுவும் சரிதாங்க," என்று அவன் இவரைப் பார்த்தான். இவரும் தலையாட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான் வேண்டாம் என்ற ஒன்றை இவர் அதுவரை செய்ததில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

வேலை தொடங்கியது கந்தசஷ்டியில். விரதம் என்பதால் காலையில் கோயிலுக்குப் போனால் பூசை, புராணப் படிப்பு எல்லாம் முடிந்து பின்னேரம்தான் வருவேன். "நீர் ஆறுதலாக் கும்பிட்டு வாரும் சரோ, வீட்டை நான் பாக்கிறன்," என்று இவர் லீவு போட்டுக்கொண்டு நின்றார். காய்ச்சல் வந்தாலும் லீவு போடாத மனிதர். அதிலேயே எனக்கு முதல் கேள்வி எழுந்தது.

முதல்நாள் பின்னேரம் வந்து பார்த்தால், ஹோல் தடுப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதிதாகச் சட்டம் நிறுத்தியிருந்தார்கள். முன்பிருந்தது மூன்றங்குலச் சட்டம். இது ஆறு.

"தடுப்புக்கு ஏன் இவ்வளவு தடிப்பு?"

"அருந்ததியின்ரை அறைச் சுவரெல்லோ. உறுதியா இருக்கட்டும்," என்றார் இவர்.

உறுதி. அவள் என்ன யானையா அதில் சாய்வதற்கு? ஆனால் நான் விரதத்தில் இருந்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

இன்னொரு நாள் பழனிமுத்துவின் பைக்குள் இரும்புத் தகடுகளைக் கண்டேன். உள்ளங்கை அகலத்தில் வெட்டி, மூலைகளில் ஆணித் துளை போட்டவை. இது என்னத்துக்கு என்று அவனைக் கேட்டேன். "பலகைக்கு முட்டுக் குடுக்கிறதுங்கம்மா," என்றான். இரவு சாப்பாட்டுக்கு முதல் அதையே இவரைக் கேட்டேன். "எலி அரிக்காமலிருக்க," என்றார். ஒரு தகட்டுக்கு இரண்டு வேலையா? கேட்காமல் மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் குசுகுசுப்பதையும், நான் உள்ளே வந்ததும் பழனிமுத்து சத்தமாகத் தோட்டத்துக் கதை சொல்லத் தொடங்குவதையும் கவனித்தேன். சூரசங்காரத்தன்று நான் கோயிலிலிருந்து வரும்போது இரண்டு சுவரையும் பலகை அடித்து மூடி, பெயின்ட்டும் பூசி முடித்திருந்தார்கள். குசினிப் பக்கத்தில் பைப் போகிறது என்று இவர் காட்டினார். நல்லது என்றேன். ஹோல் சுவரின் முன்னால் சாமித்தட்டு நின்றது. முன்பு சுவரில் அறைந்திருந்த தட்டு, இப்போது நாலு கால் வைத்துத் தனியாக நின்றது. சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத இவர் தன் கையாலேயே அந்தக் கால்களைப் பூட்டினாராம்.

"ஏனப்பா, சுவரிலை அறைஞ்சால் என்ன?"

பழனிமுத்து குறுக்கே விழுந்தான். "அந்தச் செவுத்துல மட்டும் ஆணி கீணி அடிச்சிறாதீங்கம்மா. புதுப் பலகை, வெடிச்சிரும்."

அவர்கள் இல்லாத நேரம் நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மேலே வெறும் பலகைச் சத்தம். முழங்கால் உயரத்துக்கு வந்ததும், சட்டத்துக்குச் சட்டம் இரும்பு முட்டியது. ஆணி அடிக்கக் கூடாத, இரும்பு பதித்த, ஒரு ஆயுதத்தை நிறுத்தி ஒளிக்கக்கூடிய சுவர். கையை எடுத்துவிட்டுச் சாமியைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் யார் வீட்டுச் சுவருக்குள் என்ன பிடிபட்டது என்று ஊரெல்லாம் கதை. யாரோ ஒருவன் தங்கிப் போன அறையின் சீலிங்குக்கு மேல் ஏதோ எடுத்தார்கள் என்று அந்த வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் சிறையில் இருந்தார். இவருக்கு வன்னியில் சொந்தம் உண்டு. தங்கை அந்தப் பக்கத்திலிருந்து வரப் போகிறாள். அவளை விடுவதற்கு யாராவது எதையாவது மறைத்து வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால்? இவர் இளகின மனிதர், ஓம் என்றிருப்பார். கட்டிலில் இவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இந்த ஆளை எனக்கு உண்மையாகத் தெரியுமா என்று நினைத்தேன். அப்படி நினைக்க நேர்ந்தது எனக்கு அழுகையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

மேல்வீட்டு மர்லியாவும் விடவில்லை. படியில் என்னை மறித்து, "சரோஜினி, ஒங்கட ஊட்டுல என்னத்த துளைச்சிய? மரம் துளைக்கிற சத்தம் எங்கட தலைக்குள்ள வருது. பொலிஸ் சர்ச்சிங் வந்தா எங்களுக்கும் வில்லங்கந்தானே," என்றாள்.

"டொய்லட் போடுறம்," என்றேன்.

"டொய்லட் போட மரத்தையா துளைக்கிற?"

அவளைத் தாண்டி இறங்கி வந்துவிட்டேன். இவரிடம் நேராகவே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டு, ஓம் என்று சொல்லிவிட்டால் பிறகு எனக்கும் தெரியும் என்றாகிவிடும். தெரியாதவளைவிடத் தெரிந்தவளைத்தான் அதிகம் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழனிமுத்து டொய்லட்டுக்குத் தண்ணீர் தொட்டி பூட்ட வந்தான். நான் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையின் இரண்டு முனையிலும் லொறி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அடுப்பை நிறுத்தினேன்.

பொலிசும் ஆமியுமாக உள்ளே வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு நாற்பது வயதிருக்கும், மரியாதையாகத்தான் தொடங்கினார். அடையாள அட்டைகளைப் பார்த்தார். பழனிமுத்துவின் அட்டையில் மஸ்கெலியா விலாசம். கொட்டாஞ்சேனை ஆளுக்கு வெள்ளவத்தையில் என்ன வேலை, மஸ்கெலியா ஆளுக்குக் கொட்டாஞ்சேனையில் என்ன வேலை என்று கேள்வி போனது. பைப் வேலை என்றான். பையைக் கொட்டச் சொன்னார்கள்.

வாள், உளி, துளைபோடுகிற கருவி எல்லாம் விழுந்தன. கடைசியாக ஒரு முழ நீளத்தில் பைப் துண்டு ஒன்று உருண்டது. இரண்டு பக்கமும் மூடி இறுக்கிய துண்டு. ஒரு பொலிஸ்காரன் எடுத்துக் குலுக்கினான். உள்ளே கலகலவென்று இரும்புச் சத்தம். மறுநொடி அவன் அதை ஒரு குழந்தையைப் போல மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனான். எல்லாத் துவக்கும் எங்களைக் குறிபார்த்து நிமிர்ந்தது.

"ஸ்குரூ ஆணி சேர், ஸ்குரூ ஆணி," என்று பழனிமுத்து கத்தினான். சில்லறைச் சாமான் போட அவன் செய்துவைத்த டப்பா அது. வேலைக்காரர்களில் அரைவாசிப் பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ஆணி நிரப்பி இரண்டு பக்கமும் அடைத்த பைப் என்றால் அந்த நாட்களில் குண்டு என்றுதான் பொருள். அவன் வாயில் ஒரு அடி விழுந்தது. உதடு கிழிந்தது.

அதற்குள் இன்னொருவன் துவக்குப் பிடியால் சுவர்களைத் தட்டிக்கொண்டு வந்தான். சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் இரும்புச் சத்தம் கேட்டது. திரும்பவும் தட்டினான். திரும்பவும் கேட்டது.

"மே பித்திய அதுளே மொனவத?" என்றார் இன்ஸ்பெக்டர். சுவருக்குள் என்ன என்று கேட்கிறார். எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும்.

இவர் என்னைப் பார்த்தார். பழனிமுத்துவும் என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"வத்துர பைப், சேர்," என்றார் இவர். தண்ணீர் பைப்பாம்.

"கரண்ட் வயர், சேர்," என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் ஒருவரையும் மற்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. சுவரை யாரும் தொட வேண்டாம் என்றார். எங்களை மட்டுமல்ல, ஐந்து மாடியிலுள்ளவர்களையும் பின்னொழுங்கைக்கு இறக்கினார்கள். ஈரத்தலையோடும் தூங்கின உடுப்போடும் சனம் வந்து நின்றது. இவரையும் பழனிமுத்துவையும் மதில் ஓரமாகக் கையைத் தலையில் வைத்துக் குந்தச் சொன்னார்கள். ஜீப்புக்கு ரேடியோவில் சொல்லப்பட்டது. குண்டு பார்க்கிறவர்களுக்கும் சொல்லப்பட்டது.

அப்படி ஜீப்பில் ஏறினவர்களைத் தேடி, போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகத் திரிகிற பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் கோயிலுக்கே இரண்டு பேர் வருவார்கள். நானும் அந்த வரிசையில் போய் நிற்கப் போகிறேன் என்று தெரிந்ததும் எனக்குக் காவல்காரனெல்லாம் கண்ணில் படவில்லை. நேராக இவர் முன்னால் போய் நின்றேன்.

"முருகன் அறியச் சொல்லுங்கோ. அந்தச் சுவருக்கை என்ன வைச்சிருக்கிறியள்?"

இவர் தலையைக் குனிந்தார். "கக்கூஸ் பைப், சரோ."

"எங்கை?"

"சாமித்தட்டுக்குப் பின்னாலை."

"அப்ப குசினிப் பக்கம்?"

"அது வெறும் பலகை."

பழனிமுத்து கிழிந்த உதட்டோடு தன் நியாயத்தைச் சொன்னான். "வாட்டம் வரலீங்கம்மா. சத்தியமா வரல. நேரா விட்டாத்தான் கழிவு ஓடும். சட்டத்துக்கு நடுவுல துளை போட்டு விட்டிருக்கேன். நீங்க சாமி படத்துக்கு ஆணி அடிச்சா பைப்புல எறங்கிருமேன்னுதான் தகடு வச்சேன்."

"அந்த மனுசன் கேக்கேக்கை இதைச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"நீர் பக்கத்திலை நிண்டனீர்," என்றார் இவர்.

துவக்குகள் நீட்டியபடி நிற்க, இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அந்த இடத்திலேயே ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். அதே நேரம் ஒன்று உறைத்தது. இவர் வேறொன்றும் செய்யவில்லை. எனக்குப் பொய் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அல்லது இதுவும் பொய்யா? ஒரு கிழமையாக இரண்டு பேரும் எனக்குச் சொன்னதில் எது உண்மையாக இருந்தது?

இன்ஸ்பெக்டரிடம் போனேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம். அதில் கக்கூஸ், பைப், பொய், நான் ஏசுவேன் என்று பயம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"அந்தத் தட்டில் இருப்பது கதரகம தெய்யோதானே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓம், சேர். முருகன்."

"கதரகம தெய்யோவின் முதுகுக்குப் பின்னால் எந்தத் தமிழ் வீட்டில் கக்கூஸ் பைப் விடுவார்கள்? பொரு கியன்ன எபா, நோனா." பொய் சொல்லாதே அம்மா என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் ஒழுங்கையின் நடுவில் இருந்த மேன்ஹோல் மூடி கண்ணில் பட்டது. "அதைத் திறவுங்கள். நான் உள்ளே போய் டொய்லட்டில் தண்ணீர் ஊற்றுகிறேன். இதில் வந்து விழும்," என்றேன். ஐந்து மாடித் தண்ணீரும் இதில்தானே விழுகிறது, எது உன்னுடையது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். கெட்டிக்காரர். கொஞ்சம் யோசித்தேன்.

"சிவப்புத் தண்ணீர் ஊற்றினால்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கள் ஆட்கள் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். போவதென்றால் நீ தனியாகப் போ," என்றார்.

மர்லியா என் கையைப் பிடித்தாள். "போவாத புள்ள. ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா உள்ளுக்க என்ன இரிக்குண்டு?"

தெரியாதுதான். கையை விடுவித்துக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்குள் நான் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. பிட்டுப் பானை அரை அவிப்பில் கிடந்தது. பைப் டப்பா நிலத்தில் கிடந்தது. அதைச் சுற்றிப் போனேன். சாமித்தட்டில் பித்தளைச் சிமிழ் நிறையக் குங்குமம். சூரசங்காரத்தன்று ஐயர் என் விரதத்தைப் பாராட்டிக் கைநிறைய அள்ளித் தந்தது. அடுத்த சஷ்டிவரைக்கும் வைத்து நெற்றிக்கு இடலாம் என்றிருந்தேன். சிமிழை எடுக்கும்போது சுவர் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உள்ளே இருப்பது பைப் என்று இரண்டு பொய்யர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் நிற்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி இன்னும் பூட்டவில்லை. குசினியிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்து, குங்குமம் முழுவதையும் அதில் கவிழ்த்தேன். கையை விட்டுக் கலக்கினேன். விரதம் இருந்து வாங்கின குங்குமத்தை யாராவது கக்கூஸுக்குள் ஊற்றியிருந்தால் அவளோடு நான் ஆயுளுக்கும் பேசமாட்டேன். ஊற்றினேன். பிறகு ஓடி வந்து சாமித்தட்டுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, காதைச் சுவரில் வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் இவரை முழுவதுமாகச் சந்தேகப்பட்டேன். கல்யாணம் பேசின நாளிலிருந்து சந்தேகப்பட்டேன்.

பிறகு இடது பக்கத்தில் களக் என்று ஒரு சத்தம். அது சலசலத்துக்கொண்டு என் காதுக்குள் வந்து, முருகனின் முதுகுக்குப் பின்னால் போய், வலது பக்கமாகக் கடலை நோக்கி இறங்கியது. நிற்கவில்லை. தங்கவில்லை. நல்ல வாட்டம்.

"முருகா," என்றேன். என் வாயில் அந்தப் பெயர் அவ்வளவு உண்மையாக வந்தது அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை. சாமிக்குப் பின்னால் மலக்குழாய்தான் ஓடுகிறது என்று தெரிந்து, அதற்காகவே சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இன்னொரு வாளியும் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். மேன்ஹோலைச் சுற்றிப் பொலிசும் சனமும் குனிந்து நின்றது. நானும் குனிந்தேன். சாம்பல் நிறத் தண்ணீரின் ஓரத்தில், எங்கள் வீட்டுப் பக்கத் துளையிலிருந்து சிவப்பு வந்துகொண்டிருந்தது. முதலில் கொஞ்சம், பிறகு பளிச்சென்று. மர்லியா வாய்க்குள் ஏதோ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் என் கையைப் பார்த்தார். மணிக்கட்டுவரை சிவந்திருந்தது.

"ஹரி," என்றார். சரியாம்.

உள்ளே வந்து ஒரு பலகையை மட்டும் நெம்பி எடுக்கச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தில் வெள்ளை பைப் சட்டம் சட்டமாகத் துளைக்குள்ளால் போனது. ஒவ்வொரு சட்டத்தின் முகத்திலும் ஒரு தகடு. இந்த இரும்பு என்னத்துக்கு என்று கேட்டார். நோனா சாமிப் படம் மாட்ட ஆணி அடித்தால் பைப்பில் இறங்காமலிருக்க என்று இவர் மொழிபெயர்த்தார். பொலிஸ்காரன் ஒருவன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்து அவசரமாகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டு, வெளியே நடந்தார். பழனிமுத்துவின் உதட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் எரிகிறது.

லொறிகள் போன பிறகு அவன் நிலத்தில் சிதறிய ஸ்குரூக்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான். "அம்மா, நீங்க சொன்னா அந்தப் பக்கமாவே மாத்திப் போட்டுக் குடுத்துர்றேன்."

"வாட்டம் வருமோ?"

"வராதுங்க."

"பின்னை ஏன் கதைக்கிறீர்?" என்று அவனுக்கு ஈரத்துணியைக் கொடுத்தேன். "பைப் இருக்கிற இடத்திலையே இருக்கட்டும். ஆனா இனி எனக்குப் பொய் சொல்லுறதெண்டால், ரெண்டு பேரும் முதல் இருந்து கதைச்சு ஒரே பொய்யாச் சொல்லுங்கோ."

இவர் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று முடிவெடுத்தார். பழனிமுத்து மட்டும், இனி ஸ்குரூவுக்குப் பிஸ்கட் டின்தான் என்றான்.

அருந்ததி பாஸ் கிடைத்து வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பாதி எடைதான் மிச்சம். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்து நெற்றிக்கு வைக்கச் சிமிழைத் திறந்தவள், "அண்ணி, குங்குமம் முடிஞ்சு போச்சோ?" என்றாள். முடிந்துவிட்டது என்றேன். திருநீற்றைப் பூசிக்கொண்டு உள்ளே போனாள்.

மணியைக் கையில் எடுத்தபோது, உள்ளே அருந்ததி டொய்லட்டில் தண்ணீர் ஊற்ற, சுவருக்குள் களக் என்றது. கதிரையில் உட்கார்ந்திருந்த இவர் அசையாமல் என்னையே பார்த்தார். நான் மணி அடிக்கிற நேரம் இந்தச் சத்தம் எனக்குக் கேளாது என்று கணக்குப் போட்டிருந்ததாகப் பிறகு ஒருநாள் சொன்னார். நான் மணியை அடிக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றேன். முருகனுக்குப் பின்னால் அது சலசலத்து ஓடி, கடல் பக்கமாக இறங்கி, முழுவதும் போய்ச் சேரும்வரை கேட்டேன். போய்ச் சேர்ந்தது. பிறகுதான் மணியை அடித்தேன்.

இப்போதும் அப்படித்தான். விளக்கேற்றும் நேரம் அந்தச் சுவருக்குள் சத்தம் வந்தால், அது முடியும்வரை காத்திருப்பேன். உள்ளே வேறொன்றும் இல்லை என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிய வேண்டும்.